இடப்பக்கம் ஒடிக்கும்போது

வரும், இதோ வந்துவிடும் என்று காதை அங்கேயே வைத்துக்கொண்டு ஸ்டீயரிங்கை இடப்பக்கம் ஒடித்தான் ராக்கப்பன். வந்துவிட்டது சனியன். டக், டக், டக். வலது முன்சக்கரத்துக்கு உள்ளே, சரியாக அவன் காலுக்கு நேர் கீழே, யாரோ விரல் முட்டியால் தகரத்தைத் தட்டுகிற மாதிரி. போன செவ்வாய்க்கிழமை இதே வளைவில் ஐந்து தட்டு. இன்றைக்கு, வியாழக்கிழமை, ஏழு. ஏழுதானா, இல்லை எட்டாவதாக ஒன்று இருந்து அதைப் பாட்டு முழுங்கிவிட்டதா? வால்பாறையிலிருந்து ஆழியாறு இறங்க நாற்பது கொண்டை ஊசி வளைவு, எண் அடிவாரத்தில் ஒன்றில் ஆரம்பிக்கும். ஒன்று வலப்பக்கம் திரும்பினால் அடுத்தது இடப்பக்கம். வலப்பக்க வளைவில் வண்டி வாயே திறக்காது, அவ்வளவு சாது. இடப்பக்கம் ஒடித்தால்தான் பேச்சு. ஆக இருபது வளைவு நிம்மதி, இருபது வளைவு தட்டை எண்ணுவது. நிம்மதி என்று சொன்னதுகூடப் பொய்தான், வலப்பக்கம் திரும்பிக்கொண்டிருக்கும்போதே மனசு ஓடிப்போய் அடுத்த இடப்பக்கத்தில் உட்கார்ந்துகொள்கிறது. முப்பத்தெட்டாவது வளைவு முடிந்தது. இன்னும் பதினெட்டு தடவை கேட்டாக வேண்டும்.

அண்ணன் காதில் விழுந்ததா? ஓரக்கண்ணால் பார்த்தான். பக்கத்து சீட்டில் ஞானசிகாமணி அண்ணன் சால்வையைக் கழுத்துவரை இழுத்துப் போர்த்திக்கொண்டு கண்ணை மூடியிருந்தார். தூக்கமாகத்தான் இருக்கும், தூக்கமாக இருக்கட்டும். தேயிலை ஃபேக்டரியில் முப்பத்தோரு வருஷம் மிஷின்களைப் பழுது பார்க்கிற பிட்டராக இருந்துவிட்டு வெளியே வந்த மறுவருஷமே சிறுநீரகம் இரண்டும் கைவிட்டுவிட்டன. மேலே வால்பாறையில் இருக்கிற டயாலிசிஸ் மிஷினில் முறை கிடைக்கவில்லை என்று செவ்வாய், வியாழன், சனி, வாரம் மூன்று நாள் பொள்ளாச்சிக்கு இறங்கி, நாலு மணி நேரம் படுத்து ரத்தத்தைச் சுத்தம் பண்ணிக்கொண்டு திரும்ப ஏறுகிறார். போன மாசம் அட்டகட்டிப் பக்கம் மரம் விழுந்து ரோடு அடைத்து ஒரு நாள் தவறிப்போனது. மறுநாள் ராக்கப்பன் எஸ்டேட் லயத்து வீட்டுக்குப் போய்ப் பார்த்தபோது மனுசனால் படுக்க முடியவில்லை. சுவரில் முதுகைக் கொடுத்து உட்கார்ந்து ஒவ்வொரு மூச்சையும் பிடுங்கிப் பிடுங்கி எடுத்துக்கொண்டிருந்தார். முகமெல்லாம் வீங்கி யாரோ மாதிரி இருந்தார். ஒரே ஒரு நாள்தான் தவறியது. இந்த வண்டி வழியில் நின்றால் இன்னொரு நாள் தவறும், நிற்கவேண்டிய இடத்தில் நிற்காமல் இறங்கிப் போனால் என்ன தவறும் என்று நினைக்கவே அவனுக்குப் பயமாக இருந்தது.

முப்பத்தாறு. பாட்டுச் சத்தத்தை இரண்டு புள்ளி ஏற்றினான். டக், டக். அகலமாகத் திருப்பினான், அதனால்தான் இரண்டோடு போச்சு. இது அவனாகக் கண்டுபிடித்த வித்தை. ஸ்டீயரிங்கை முழுசாக ஒடித்தால்தானே சத்தம், முழுசாக ஒடிக்காமல் ரோட்டின் அந்தப் பக்க ஓரம்வரை போய் ஒரு பெரிய வட்டமாகச் சுற்றிக்கொண்டு வந்தால் தட்டு குறைகிறது. இடப்பக்க வளைவு வருவதற்குள் ஒரு கை பாட்டை ஏற்றும், வளைவு முடிந்ததும் இறக்கும், வலப்பக்க வளைவுக்கு இரைச்சல் தேவையில்லை. ஒன்றரை மாசமாக இந்தக் கூத்துதான் நடக்கிறது. முதல் வாரத்தில் அண்ணனுடைய சம்சாரம் ஸ்டெல்லாக்கா கூட வந்திருந்தபோது என்ன தம்பி சத்தம் என்று கேட்டதற்கு, டயரில் கல் மாட்டியிருக்கிறது என்று வாய் கூசாமல் சொன்னான். கல்லாம் கல். அந்த அம்மா நம்பிவிட்டது, அதுதான் இன்னும் உறுத்துகிறது. அதற்கப்புறம் நாள் சம்பளம் போகிறதென்று ஸ்டெல்லாக்கா வருவதில்லை. அண்ணன் ஒரு நாளும் கேட்டதில்லை. கேட்டால் என்ன சொல்வது என்று எட்டுப் பத்துப் பொய் தயாராக வைத்திருந்தான், அவர் கேட்காததனால் எல்லாம் அப்படியே உள்ளே கிடந்து புளித்துக்கொண்டிருந்தன.

தை மாசத்தில் பார்த்தானே, அன்றைக்கே முடித்திருக்க வேண்டும். திரும்பத் திரும்ப மனசு அங்கேதான் போய் மாட்டுகிறது. வண்டி கழுவும்போது சக்கரத்துக்கு உட்பக்கம் முழுக்கக் கறுப்பாகக் கிரீஸ் தெறித்திருந்தது. கையை விட்டுத் தடவினால் ஆக்சில் முனையில் அந்த மூட்டை மூடியிருக்கிற ரப்பர் உறை ஒரு விரல் நீளத்துக்குக் கிழிந்து வாயைப் பிளந்திருந்தது. உறை மட்டும் மாற்றினால் சில நூறு ரூபாயோடு போயிருக்கும். என்ன செய்தான்? வேஸ்ட் துணியை எடுத்துத் துடைத்தான். அடுத்த மாசம் பார்த்துக்கலாம் என்றான். யாரிடம் சொன்னான்? பக்கத்தில் யாருமே இல்லை, வண்டியிடம்தான் சொன்னான். அந்தக் கிழிசல் வழியாக மழைத்தண்ணியும் மண்ணும் போய், உள்ளே உருள்கிற குண்டுகளை அரைத்து, சக்கரம் திரும்பும்போது கூடவே மடங்கிக்கொடுக்க வேண்டிய மூட்டு இப்போது எலும்போடு எலும்பு உரசுகிறது. அவன் சம்சாரம் தெய்வானை அன்றைக்கே வாசலில் நின்று கேட்டாள், என்னங்க அது கறுப்பா ஊத்துது என்று. கொழுந்து பறிக்கப் போகிறவளுக்கு ஆக்சிலைப் பற்றி என்ன தெரியும் என்று ஒரு சிரிப்பு வேறு சிரித்தான். முப்பத்திநாலு. டக், டக், டக், டக். சிரி, இப்போது சிரி பார்க்கலாம்.

பொள்ளாச்சியில் மெக்கானிக் அபுதாகிர் பாய் செவ்வாய்க்கிழமை ஜாக்கி போட்டுத் தூக்கி, சக்கரத்தைப் பிடித்து ஒரு ஆட்டு ஆட்டிவிட்டு, உதட்டைப் பிதுக்கினார். அவர் உதட்டைப் பிதுக்கினாலே பாதி உயிர் போய்விடும். புது ஆக்சில் முழுசாகப் போடுவதுதான் மரியாதை, கோயமுத்தூரிலிருந்து வரவழைக்க வேண்டும், பாதிப் பணம் முன்னால் கட்ட வேண்டும் என்றார். அவர் சொன்ன தொகை ராக்கப்பன் ஒரு மாசம் ஓடி டீசல் போகக் கையில் பார்ப்பதைவிடக் கூட. இல்லாவிட்டால் பழைய இரும்புக் கடையில் இதே வண்டியின் ஆக்சில் இரண்டு கிடக்கிறது, விலை கால்வாசிதான், ஆனால் உறையை மாற்றிக் கிரீஸை அப்பி வைத்திருக்கிறான், உள்ளே எப்படி இருக்கும் என்று நான் பொறுப்பில்லை, சத்தம் வராத மாதிரி இருந்தால் அது நல்லது என்று அர்த்தமில்லை என்றார். கடைசியாகக் குரலைக் கொஞ்சம் தாழ்த்திக்கொண்டு இன்னொன்று சொன்னார். இடது சக்கரத்து மூட்டை வலதுக்கும் வலதை இடதுக்கும் மாற்றிப் போட்டுவிடலாம். தேய்ந்த பக்கம் சும்மா இருக்கும், தேயாத பக்கத்தில் குண்டு உருளும், சத்தம் சுத்தமாக நின்றுவிடும். கூலியும் ஒரு டப்பா கிரீஸும்தான் செலவு. எத்தனை நாளைக்கு பாய் என்று கேட்டபோது அவர் கையைத் துடைக்கத் துணி தேடிக்கொண்டிருந்தார். ஆழியாறு தாண்டுவதற்குள் என்ன என்று போனில் சொல்லிவிடு, இன்னொரு வண்டி வரிசையில் நிற்கிறது என்று நேற்று ராத்திரியே கறாராகச் சொல்லிவிட்டார்.

மாற்றிப் போட்டுவிடலாம். சத்தம் நின்றுவிடும். இந்த இரண்டு வார்த்தையும் செவ்வாய்க்கிழமையிலிருந்து அவனுக்குக் கற்கண்டு மாதிரி இனித்துக்கொண்டே இருக்கிறது. பாட்டை ஏற்றி இறக்க வேண்டாம், எண்ண வேண்டாம், ஓரக்கண்ணால் பார்க்க வேண்டாம். அண்ணனும் வேறு வண்டி தேடிப் போகமாட்டார். அதுதான் அடியில் கிடக்கிற பயம், அதை மறைத்து என்ன? வாரத்தில் மூன்று நாள் உறுதியாகக் கிடைக்கிற ஓட்டம் இது ஒன்றுதான். மற்ற நாளில் டூரிஸ்ட்டு வந்தால் உண்டு, வராவிட்டால் டாக்ஸி ஸ்டாண்டில் உட்கார்ந்து ஈ ஓட்ட வேண்டியதுதான். முப்பது. பனி இறங்கிவிட்டது, முன்னால் பத்தடிக்கு மேல் தெரியவில்லை. டக், டக், டக், டக், டக். வண்டி இரண்டாம் கியரில் முனகிக்கொண்டு இறங்கியது. இந்த முனகல்தான் உயிர். இறக்கத்தில் வண்டியைப் பிடிப்பது பிரேக்கு என்று டூரிஸ்ட்டுகள்தான் நினைப்பார்கள், மிதித்து மிதித்துக் கீழே வந்து சேருவதற்குள் சக்கரத்திலிருந்து புகை வரும், மிதி பஞ்சு மாதிரி அமுங்கும். மலையில் ஓட்டுகிறவன் கியரில் பிடித்துத்தான் இறக்குவான். இன்ஜின் வண்டியைப் பின்னால் இழுத்துப் பிடிக்கும். அந்தப் பிடி சக்கரத்துக்கு வந்து சேருகிற வழி எது? இந்த ஆக்சில்தான். இந்த மூட்டுத்தான். இது உடைந்தால் கியர் கியராகவே இருக்கும், இன்ஜின் தன்பாட்டுக்குச் சுற்றும், வண்டி மட்டும் யாருக்கும் கட்டுப்படாமல் இறங்கும்.

அதே ஸ்டாண்டில் வண்டி ஓட்டுகிற சகாயத்துக்கு இரண்டு வருஷத்துக்கு முன்னால் உடைந்தது. ஏற்றத்தில் உடைந்தது, புண்ணியவான். வண்டி முனகிக்கொண்டு நின்றுவிட்டது, இறங்கிச் சக்கரத்துக்குக் கல்லை அண்டக் கொடுத்துவிட்டு ஒரு பீடியைப் பற்றவைத்தேன் என்று ஸ்டாண்டில் சொல்லிச் சொல்லிச் சிரிப்பான், எல்லோரும் சிரிப்பார்கள், ராக்கப்பனும் சிரித்திருக்கிறான். இறக்கத்தில் உடைந்தவன் எவனும் ஸ்டாண்டுக்கு வந்து கதை சொன்னதில்லை. இருபத்தெட்டு. இருபத்தாறு. ஒவ்வொரு வளைவிலும் அந்த ஓரம்வரை போய் அகலமாகச் சுற்றினான், தட்டு மூன்றோடு நின்றது, இரண்டோடு நின்றது, பார்த்தாயா குறைகிறது என்று ஒரு அற்ப சந்தோஷம்கூட வந்தது. மாற்றிப் போட்டுவிடலாம், இந்த மழை சீசன் போகட்டும், தீபாவளிக்குக் கூட்டம் வரும், அப்போது புதுசு போட்டுக்கொள்ளலாம். தீபாவளிக்குப் பார்த்துக்கலாம். அடுத்த மாசம் பார்த்துக்கலாம் என்று தை மாசத்தில் சொன்ன அதே வாய்தான் இதையும் சொல்கிறது என்பது அவனுக்குத் தெரியாமல் இல்லை. தெரிந்துதான் என்ன செய்வது, வேறு வாய் இல்லையே.

இருபத்திரண்டாவது வளைவு. பாட்டை ஏற்றுவதா ஹாரனை அடிப்பதா என்று கை ஒரு நொடி தடுமாறியது. பாட்டுக்குத்தான் போனது. மலையில் யாரும் செய்யாத தப்பு அது. ஒவ்வொரு வளைவுக்கும் ஹாரன், ஏறுகிற வண்டிக்கு வழி, இந்த இரண்டும் லைசென்ஸ் வாங்குவதற்கு முன்பே கை படித்துக்கொள்கிற பாடம், இருபத்தாறு வருஷமாகத் தவறாத கை. அகலமாக, இன்னும் அகலமாக, ரோட்டின் அந்தப் பக்கத்துக்கே போய்விட்டான். பனிக்குள்ளிருந்து இரண்டு விளக்கு வந்தது. விளக்குக்குப் பின்னால் சுவர் மாதிரி பஸ். மிதித்தான். வண்டி நனைந்த ரோட்டில் ஒரு முழம் வழுக்கி, இன்ஜின் உதறி, அணைந்து, நின்றது. பஸ்ஸின் முன்பக்கத் தகரத்துக்கும் கார் பானட்டுக்கும் நடுவில் ஒரு கையை வைக்கலாம், இரண்டு கையை வைக்க முடியாது. பாட்டும் நின்றுவிட்டிருந்தது. முகத்தில் அடித்த மாதிரி அமைதி. அண்ணனின் வலது கை முன்னால் நீண்டு டாஷ்போர்டைப் பிடித்திருந்தது. கண் நன்றாகத் திறந்திருந்தது.

பஸ் டிரைவர் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. கண்ணாடியை இறக்கி, தலையை வெளியே நீட்டி, ஊர்க்காரன் வண்டி என்று நம்பரைப் பார்த்துத் தெரிந்துகொண்டு, நீயே இப்படி வந்தா எப்படிப்பா என்று மட்டும் கேட்டார். ஐம்பது பேர் ஜன்னல் வழியாகப் பார்த்தார்கள். பின்னால் எடுக்க வேண்டும். சாவியைத் திருகினான், இரண்டாவது திருகில் பிடித்தது, ரிவர்ஸ் போட்டு, ஸ்டீயரிங்கை முழுசாக ஒடித்தான், வேறு வழியே இல்லை. டக். டக். டக். டக். டக். டக். பாட்டு இல்லை, ஒன்றும் இல்லை. அம்மணமாக நிற்கிற மாதிரி இருந்தது அவனுக்கு. கண்டக்டர் விசிலடித்து ரைட் ரைட் என்று சொல்லும்வரை அது அடித்துக்கொண்டே இருந்தது. பஸ் உரசாமல் ஏறிப் போனது. அவன் வண்டியை ஓரமாக நிறுத்தி ஹேண்ட்பிரேக்கை இழுத்தான்.

"வலது பக்கம். வெளி ஜாயிண்ட்டு," என்றார் ஞானசிகாமணி. "பங்குனியில இருந்து கேக்குறேன்."

பங்குனி. இவன் பாட்டை ஏற்ற ஆரம்பிப்பதற்கும் முன்னால். முப்பத்தோரு வருஷம் ஃபேக்டரியில் எந்த மிஷினில் எந்த பேரிங் அழுகிறது என்று வாசலில் நின்றே சொன்ன காதுக்கு முன்னால் ஒன்றரை மாசம் பாட்டுப் போட்டுக்கொண்டிருந்திருக்கிறான். ராக்கப்பனுக்கு முகம் சுட்டது. தூங்கினீங்களே அண்ணே என்று கேட்க வந்தவன் கேட்கவில்லை, தூக்கமாவது ஒன்றாவது. திரும்பி ஏறும்போதும் சீட்டில் துவண்டு கிடந்துகொண்டு இவர் கேட்டுக்கொண்டேதான் வந்திருக்கிறார்.

"ஏண்ணே சொல்லல?"

"சொன்னா வண்டிய ஷெட்டுல போட்டுருவ. வேற எவன் என்னை ஏத்துறான்?"

அது அவன் கணக்கிலேயே இல்லாத பதில். உனக்கு முன்னால் மூன்று பேர் என்று மெதுவாகச் சொன்னார் அண்ணன். ஒருத்தன் வண்டியில் வாந்தி நாற்றம் போகமாட்டேன் என்கிறது என்றான், ஒருத்தன் போனை எடுப்பதில்லை, சகாயம் நேராகவே சொல்லிவிட்டான், வழியில் உங்களுக்கு ஏதாவது ஆச்சுன்னா போலீசு ஸ்டேசன்னு யார் அலையிறது என்று. அதனால்தான் தூங்குகிற மாதிரி படுத்துக்கொண்டேன், நீ அகலமாகப் போகும்போதெல்லாம் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டேன், நீயாகச் சரிபண்ணிவிடுவாய் என்று பார்த்தேன். அதை அவர் சொல்லச் சொல்ல ராக்கப்பனுக்குக் கோபம்தான் முதலில் வந்தது, யார்மேல் என்று தெரியாத கோபம். இவர் போய்விடுவார் என்று அவன் ஒளித்தான், அவன் போய்விடுவான் என்று இவர் ஒளித்தார், நடுவில் இரண்டு பேரும் ஒரு கை அகலத்தில் தப்பியிருக்கிறார்கள். ஸ்டெல்லாக்கா முகம் வந்தது, தெய்வானை முகம் வந்தது. பாய் சொன்ன மூன்றையும் ஒன்று விடாமல் கொட்டிவிட்டான், மாற்றிப் போட்டால் சத்தம் நின்றுவிடுமாம் என்பதையும் சேர்த்து.

"சத்தத்த அடைச்சுட்டு அப்புறம் எதக் கேட்டு நிறுத்துவ?" என்றார் அண்ணன்.

அவ்வளவுதான், அதற்குமேல் திட்டவில்லை. பாட்டுப் போடாதே, ஒடிக்கவேண்டிய அளவுக்கு ஒடி, ஹாரனை அடி என்றார். இருபது, பதினெட்டு, பதினாறு. வண்டியை ரோட்டின் இடப்பக்கத்திலேயே வைத்து, இறுக்கமாக, பழைய கை ஓட்டுகிற மாதிரி திருப்பினான். டக், டக், டக் என்று அது ஊருக்கே கேட்கிற மாதிரி அடித்தது, இரண்டு பேரும் கேட்டார்கள். பயம் போகவில்லை. உடையப்போகிற சாமான் கேட்டவுடன் உடையாமல் இருந்துவிடுமா? ஒவ்வொரு வளைவிலும் கால் பிரேக்கை நோக்கித் தவித்தது, கை ஹேண்ட்பிரேக்கைத் தொட்டுத் தொட்டு வந்தது. பத்தாவதில் அண்ணன் கையைத் தூக்கி நிறுத்தச் சொன்னார், ஐந்து நிமிஷம் பிரேக்கு ஆறட்டும் என்றார், மணியை மட்டும் இரண்டு பேரும் பார்க்காமல் பார்த்துக்கொண்டார்கள். முறை ஒன்பது மணிக்கு. தவறவிட்டால் அடுத்த ஆளைப் போட்டுவிடுவார்கள். எட்டு, ஆறு, நாலு, இரண்டு. அணைத் தண்ணீர் தெரிந்தபோது சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

ஆழியாறில் ஓரமாக நிறுத்திப் போனை எடுத்தான். மாற்றிப் போடுவது வேண்டாம், அது முடிந்தது. புதுசுக்கு வக்கில்லை, வந்து சேர இரண்டு நாளும் ஆகும், அதற்குள் சனிக்கிழமை வந்துவிடும். மிச்சம் பழைய இரும்புக் கடை. அங்கே கிரீஸ் அப்பி வைத்திருக்கிற இரண்டில் எது உயிரோடு இருக்கிறது, எது செத்தது என்று அவனுக்கு எப்படித் தெரியும்? ஓட்டத் தெரியும், உள்ளே இருப்பது தெரியாது. அதையும் வெட்கத்தை விட்டுச் சொன்னான். பாய் பொறுப்பில்லை என்கிறார், கடைக்காரன் சத்தியம் பண்ணுவான், நான் எதை நம்பிண்ணே உங்களை ஏற்றிக்கொண்டு வருவது என்று கேட்டான். அண்ணன் சால்வையை விலக்கி நிமிர்ந்து உட்கார்ந்தார். அப்புறம், ரெண்டையும் பணம் கட்டி வை, பிடிக்காததைத் திருப்பிக் கொடுப்பேன் என்று பேசிக்கொள், உறையைக் கழற்றிக் கிரீஸை வழித்துத் துடைத்துவிட்டு என் பெட்டுக்கு எடுத்துக்கொண்டு வா என்றார். ஆஸ்பத்திரிக்குள்ளேயா என்று கேட்டான் ராக்கப்பன். மிஷின்ல மாட்டுறது இடது கைதான், வலது கை நாலு மணி நேரமும் சும்மாதான் கிடக்குது என்றார் அவர். ராக்கப்பன் பாய்க்குப் போன் போட்டு, பழைய ஆக்சில்தான், வரிசையில் என் வண்டியை வை பாய் என்றான்.

பத்தேமுக்காலுக்கு இரண்டு ஆக்சிலையும் பிளாஸ்டிக் கவரில் சுற்றித் தோளில் போட்டுக்கொண்டு அவன் மாடிப்படி ஏறியபோது வாட்ச்மேன் தடுத்தான், உள்ளே சிஸ்டர் தடுத்தது. இது என்ன ஒர்க்‌ஷாப்பா, இன்ஃபெக்‌ஷன் ஆச்சுன்னா யார் பதில் சொல்றது என்று சரியாகத்தான் திட்டியது. ஞானசிகாமணி படுத்தபடியே அதைப் பேர் சொல்லிக் கூப்பிட்டு, நாற்பது வளைவு இறங்கி உன்கிட்ட வந்து சேர்றதே இந்த இரும்பை நம்பித்தான் தாயி என்றார். சிஸ்டர் திட்டை நிறுத்தவில்லை, திட்டிக்கொண்டே ஒரு கையுறையை உருவி அவர் வலது கையில் மாட்டிவிட்டு, கவருக்கு மேலே இன்னொரு கவரையும் போட்டது. இடது கையில் இரண்டு ஊசி, இரண்டு குழாய், ரத்தம் போய்க்கொண்டும் வந்துகொண்டும் இருந்தது. முதல் ஆக்சிலின் முனை மூட்டை வாங்கி விரல்களுக்குள் வைத்து இப்படியும் அப்படியும் மடக்கினார், கண்ணை மூடினார், உடனே திறந்து தள்ளிவிட்டார். செத்தது. இரண்டாவதை நெடுநேரம் வைத்திருந்தார். மடக்கினார், சுழற்றினார், ஒரு இடத்தில் நிறுத்தித் திரும்ப அதே இடத்துக்கு வந்தார். கை நடுங்கியது, நடுக்கம் கையுடையதா இரும்புடையதா என்று பிரித்துப் பார்ப்பது போல ஒரு கணம் அசையாமல் இருந்தார். ராக்கப்பன் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"எத்தனை நாள் ஓடும்ணே?"

"நான் ஓடுற வரைக்கும் ஓடும். போய் மாட்டு."

மணி பதினொன்று ஆகப்போகிறது, பாய்க்கு முழுசாக இரண்டு மணி நேரம் வேண்டும். ராக்கப்பன் மாட்டவேண்டியதையும் திருப்பிக் கொடுக்க வேண்டியதையும் தோளில் தூக்கிக்கொண்டு படியிறங்கி ஓடினான்.